கூலி வேறு, லாபம் வேறு

கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அந்தப் பேச்சு வரும். "இந்த பிளவுஸ் ஒர்க் நீங்களே போட்டதா சித்தி? வெளியில குடுத்தா அஞ்சாயிரத்துக்குக் குறையாதே! பேசாம இதையே தொழிலா ஆரம்பிச்சிடுங்க." சித்திக்கு முகம் மலர்ந்துவிடும். அடுத்த மாதமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு படம், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாசலில் 'ஆரி ஒர்க் செய்து தரப்படும்' என்று ஒரு சின்ன பிளெக்ஸ்.

அந்த யோசனையில் தப்பில்லை. ஆனால் அதிலிருக்கும் 'பேசாம' என்ற சொல்லைப் பலர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். ரேட் பேசாமல், கெடு பேசாமல், அட்வான்ஸ் பேசாமல் தொழில் தொடங்கிவிடுகிறது. ஒன்றரை வருடம் கழித்து அதே சித்தியைக் கேட்டால், "ஆர்டர் நிறைய வருது, ஆனா கையில ஒண்ணும் நிக்கல" என்பார். கை வலி இருக்கும், கண் வலி இருக்கும். பிடித்த வேலையாக இருந்தது இப்போது பார்த்தாலே எரிச்சல் தருவதாக ஆகியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு மார்க்கெட்டிங் தெரியவில்லை, முதலீடு இல்லை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவையெல்லாம் இரண்டாம் பட்சம் என்பதே என் எண்ணம். முதல் காரணம் கணக்கில் இருக்கிறது. பொழுதுபோக்கிலிருந்து தொழிலுக்கு வருகிறவர்கள் கூலியையும் லாபத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்றவற்றில் பாதி தானாகவே தெளிந்துவிடும். மண் நகை, கேக், குரோஷே பொம்மை, தஞ்சாவூர் ஓவியம் எதுவானாலும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் தெருவுக்கு இரண்டு வீட்டில் நடப்பது ஆரி வேலை என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆரி என்பது கொக்கி முனை கொண்ட ஊசி. செருப்புத் தைக்கும் குத்தூசியின் தம்பி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்துவந்த மோச்சிகள் தங்கள் குத்தூசியைத் துணிக்குக் கொண்டுவந்ததிலிருந்து வளர்ந்த கலை இது. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியின் மேலே ஒரு கை ஊசியைக் குத்த, கீழே இன்னொரு கை நூலைக் கொக்கியில் மாட்டிவிட, சங்கிலி சங்கிலியாகத் தையல் ஓடும். பழகிய கைக்கு வேகம் வரும்; அப்படியும் ஒரு கல்யாண பிளவுஸுக்கு நாள்கணக்கில் உட்கார வேண்டும். இந்த நாள்கணக்கைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை.

கணக்குக்கு ஒரு அக்காவை வைத்துக்கொள்வோம். முதுகுக் கழுத்தும் இரண்டு கையும் நிறைய வேலைப்பாடு கொண்ட ஒரு பிளவுஸுக்கு 3,500 ரூபாய் வாங்குகிறார். துணி வாடிக்கையாளர் கொடுத்தது. பட்டு நூல், ஜரிகை, மணி, குந்தன் கல் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். லைனிங் வைத்துத் தைத்துத் தர டெய்லருக்கு 600. மீதி 2,250. அக்கா இந்தத் தொகையை 'லாபம்' என்று சொல்கிறார். அவர் வீட்டுக்காரரும் அப்படியே சொல்கிறார். ஊரே அப்படித்தான் சொல்லும்.

இப்போது நேரத்தை எழுதுவோம். போனில் டிசைன் காட்டி, மாற்றி, மறுபடி மாற்றி முடிவு செய்ய இரண்டு மணி நேரம். புடவைக்குப் பொருந்தும் நிறத்தில் நூல் தேடிக் கடைக்குப் போய்வர மூன்று. டிசைனைத் துணியில் இறக்க இரண்டு. சட்டத்தில் துணி கட்ட ஒன்று. ஊசி ஓடுவது முப்பத்திரண்டு. பின்பக்கத்து நூல் முடிச்சுகளைச் சரிபார்த்து, கல் ஒட்டி, பிசிறு வெட்டி முடிக்க இரண்டு. டெய்லரிடம் கொடுத்து, அளவு சொல்லி, திரும்ப வாங்கிவர இரண்டு. கூட்டினால் 44 மணி நேரம். 2,250 ரூபாயை 44ஆல் வகுத்தால் மணிக்கு 51 ரூபாய் சொச்சம்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல், இதே வேலையை இன்னொரு தேர்ந்த கையிடம் கொடுக்க வேண்டியிருந்தால் என்ன கொடுப்பார்? ஒரு பேச்சுக்கு மணிக்கு 80 ரூபாய், அதாவது எட்டு மணி நேரத்துக்கு 640 என்று வைப்போம். 44 மணி நேரத்துக்கு 3,520 ஆகிறது. கையில் நின்றதோ 2,250. ஆக ஒவ்வொரு பிளவுஸிலும் 1,270 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதை அக்காவே தன் தூக்கத்திலிருந்தும் மதிய ஓய்விலிருந்தும் கட்டிக்கொண்டிருப்பதுதான். தன் கடைக்குத் தானே சம்பளமில்லாத ஆள்.

பொருளுக்குப் போட்டது செலவு. உழைத்த நேரத்துக்கு வருவது கூலி. அந்த வேலையை யார் செய்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. இவை இரண்டும் போக நிற்பதற்குத்தான் லாபம் என்று பெயர். தொழிலை நடத்தியதற்கும், துணிந்து இறங்கியதற்கும், அடுத்த மாதத்துக்கு முதலாக நிற்பதற்கும் உரியது அது.

இந்தப் பிரிவினையை நடைமுறையில் காட்டியவர்கள் பொருளாதார நிபுணர்கள் அல்ல, அப்பளம் இட்டவர்கள். 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டைமாடியில் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். அங்கே அப்பளம் இடும் சகோதரிக்கு எத்தனை கிலோ இட்டாரோ அதற்கு உருட்டுக்கூலி தனியாக உண்டு. வருட முடிவில் லாபமோ நஷ்டமோ, அது உறுப்பினர்கள் எல்லோருக்கும் பங்கு. கூலி ஒரு வழியில் வருகிறது, லாபம் இன்னொரு வழியில் வருகிறது. இரண்டும் ஒரே டப்பாவில் விழுவதில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து தைக்கிற அக்காவுக்கும் இரண்டு டப்பா வேண்டும். நான் உவமையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே இரண்டு டப்பா, அல்லது இரண்டு வங்கிக் கணக்கு.

சரி, அக்கா உண்மையில் என்ன விலை சொல்லியிருக்க வேண்டும்? பொருள் 650, டெய்லர் 600, கூலி 3,520. இதோடு ஊசி, சட்டம், விளக்கு, போன் டேட்டா, வீணாகும் நூல் என்று ஒரு 430 சேர்த்தால் 5,200. அதற்கு மேல் 800 லாபம் வைத்தால் 6,000. ஆனால் பக்கத்துத் தெருவில் 3,000க்கே செய்து தருகிறார்கள். இவர் ஆறாயிரம் என்றால் யார் வருவார்கள்?

இந்த இடத்தில் பெரும்பாலான அறிவுரைகள் 'உங்கள் கலைக்கு உரிய விலை கேளுங்கள், தயங்காதீர்கள்' என்று முடிந்துவிடும். கேட்க நன்றாக இருக்கும், கடையில் எடுபடாது. செலவைக் கூட்டி வரும் தொகை, அதற்குக் கீழே விற்றால் நஷ்டம் என்று நமக்குத்தான் சொல்கிறது. வாடிக்கையாளருக்கு அந்தக் கணக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் பார்ப்பது பக்கத்துத் தெருவை. விலையை ஏற்ற முடியாத இடத்தில் மாற்ற வேண்டியது பொருளை. அதாவது, அந்த 44 மணி நேரத்தைப் பிரித்துப் போட்டு, எது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் நேரம், எது தெரியாத நேரம் என்று பார்க்க வேண்டும்.

டிசைன் இறக்கும் வேலையைப் பாருங்கள். ட்ரேஸிங் பேப்பரில் டிசைனை வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியால் ஒற்றி எடுத்தால் புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கிவிடும். துளையிடுவதுதான் நேரம் பிடிப்பது. ஒற்றுவது சில நிமிடம். அந்தத் தாளைத் துடைத்துச் சுருட்டி வைத்தால் அடுத்த முறையும் உதவும். ஆனால் பொழுதுபோக்காகச் செய்கிறவர் ஒவ்வொரு முறையும் புது டிசைன்தான் போடுவார். அதில்தானே சந்தோஷம்! தொழிலாகச் செய்கிறவர், நன்றாகப் போன பன்னிரண்டு டிசைன்களைப் பைண்டு செய்து வைத்து, "இதுல எது வேணும் பாருங்க" என்பார். மயில் வேண்டாம் அன்னம் வேண்டும் என்றால் அதற்குத் தனி ரேட். போன் பேச்சு இரண்டு மணியிலிருந்து அரை மணிக்கு வந்துவிடும்.

கடைக்குப் போவதும் அப்படித்தான். ஒரு பிளவுஸுக்கு ஒரு நடை போனால் மூன்று மணி நேரமும் அந்தப் பிளவுஸின் தலையில் விழும். ஆறு ஆர்டருக்குச் சேர்த்து ஒரு நடை போனால் தலைக்கு அரை மணி. சென்னை பாரிமுனையோ, மதுரை விளக்குத்தூணோ, கோவை டவுன்ஹாலோ, மொத்த விலைக் கடைகளில் எடுத்தால் விலையும் குறையும். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாக்கெட் பாக்கெட்டாக அள்ளி வந்து, ஏழு விதமான பச்சை நூலும் மூன்று விதமான ரோஸ் மணியும் அலமாரியில் தூங்கும். அக்கா அதைச் சரக்கு என்பார்; உண்மையில் அது முடங்கிய பணம். நூல்கண்டில் கால்வாசிதான் இந்த பிளவுஸுக்குப் போனது என்றாலும், அந்த நிறம் திரும்ப ஓடாது என்று தெரிந்தால் முழுக் கண்டின் விலையையும் இந்த ஆர்டரிலேயே ஏற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஊசி ஓடும் முப்பத்திரண்டு மணி நேரம். இதில் கை வைக்கத்தான் கலைஞருக்கு மனசு வராது. ஆனால் கழுத்தின் கரையில் இரண்டு வரி சங்கிலித் தையலும் நடுவில் மணியும் வைத்தால், ஆறடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கும் போட்டோவுக்கும் அது நிறைவாகத்தான் தெரியும். இதழ் இதழாக லோட் ஸ்டிச் போட்டு நிரப்பிய பூவின் அருமை, கையில் எடுத்துப் பார்க்கிற இன்னொரு ஆரிக்காரருக்குத்தான் தெரியும். அவர் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் இல்லை. நிரப்பு வேலையை நடுப்பூ ஒன்றுக்கு மட்டும் வைத்து, மற்றதை ஓட்டுத் தையலில் முடித்தால் முப்பத்திரண்டு பதினெட்டாகும்.

மறுபடி கூட்டுவோம். பேச்சு அரை, கடை அரை, ட்ரேஸிங் அரை, சட்டம் கட்ட ஒன்று, ஊசி பதினெட்டு, முடிக்க ஒன்றரை, டெய்லரிடம் இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கொடுப்பதால் அரை. ஆக இருபத்திரண்டரை மணி நேரம். கூலி 1,800. பொருள் 550, டெய்லர் 600, இதர செலவு 250. மொத்தம் 3,200. விலை அதே 3,500. முழுக் கூலியும் வந்து, அதற்கு மேல் 300 ரூபாய் லாபமும் நிற்கிறது. பக்கத்துத் தெருவோடு சண்டையும் இல்லை. ஆறாயிரம் ரூபாய் பிளவுஸையும் விட்டுவிட வேண்டியதில்லை. அதைக் கேட்டு வருகிறவருக்கு அந்த விலையிலேயே, அந்த நேரத்தோடு செய்து தரலாம். மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு ஆறாயிரம் ரூபாய் வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

முந்நூறு ரூபாய் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். அக்கா வீட்டு வேலை போக நாளுக்கு ஐந்து மணி நேரம், மாதம் 25 நாள் உட்கார்ந்தால் 125 மணி நேரம். அதற்குள் ஐந்தரை பிளவுஸ் முடியும். கூலி பத்தாயிரம், லாபம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். தனி ஆளாக எவ்வளவு திறமை இருந்தாலும் இதுதான் கூரை. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கு அதே 80 ரூபாய் கூலி கொடுத்து உட்காரவைத்தால், அவர்கள் முடிக்கும் ஒவ்வொரு பிளவுஸிலும் அந்த 300 அக்காவுக்கு வந்து சேரும். பழைய கணக்கில் இது முடியவே முடியாது. மணிக்கு 51 ரூபாய்தான் வருகிற வேலைக்கு 80 ரூபாய் கொடுத்து ஆள் வைக்க யாரால் முடியும்? 'ஆள் வைக்கக் கட்டுப்படியாகலை' என்று புலம்புகிறவர்கள், தாங்கள் உழைப்பதும் கட்டுப்படியாகாமல்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

கணக்கில் சேர்க்க மறக்கும் இன்னொன்று, பட்டுப்புடவையோடு ஓடி வரும் பிளவுஸ் துணி கெட்டுப்போகும் ஆபத்து. ஊசி தவறி இழை இழுத்துவிட்டாலோ, கிழிந்தாலோ அதே நிறத்தில், அதே ஜரிகைக் கரையில் இன்னொரு துண்டு எங்கும் கிடைக்காது. புடவையே பாழான மாதிரிதான். நூல் சாயம் விட்டாலும் அதே கதை. பொழுதுபோக்கில் இது 'அய்யோ' என்பதோடு போய்விடும். தொழிலில் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும், உறவும் முறியும். துணியை வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்துக் காட்டி, இருக்கிற குறையை அவர் முன்னாலேயே போட்டோ எடுத்துவிட வேண்டும். நூலை ஈரத் துணியில் ஒற்றிச் சாயம் பார்ப்பதை ஒருநாளும் தவிர்க்கக் கூடாது. 430, 250 என்று வைத்த இதர செலவில், என்றைக்கோ ஒருநாள் கெடப்போகும் ஒரு துணிக்கான பங்கும் இருக்க வேண்டும்.

விலை பேசுவது பற்றி. முகம் தெரியாதவரிடம் ரேட் சொல்வது சுலபம். கஷ்டமெல்லாம் தெரிந்தவர்களிடம்தான். "நமக்குள்ள என்ன அக்கா, பார்த்துப் போட்டுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே துணியைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். பார்த்துப் போட்டால் பொருள் காசுகூட வராது. நம் ஊரில் உறவுக்காரரிடம் காசு பேசுவது கௌரவக் குறைச்சல் என்றொரு எண்ணம் இருக்கிறது. அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒரு வழி உண்டு: ரேட் அட்டை. வாயால் சொன்னால் பேரம் வரும். அச்சடித்தோ, போனில் படமாகவோ விலை இருந்தால் பேச்சு பாதியாகக் குறையும். தங்கச்சி மகளுக்குச் சும்மா போட்டுத் தர ஆசை இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் பில்லில் முழு விலையை எழுதி, அடித்து, 'அன்பளிப்பு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தந்தது என்ன என்று இருவருக்கும் தெரியும். அடுத்த முறை அவர் தன் தோழியை அனுப்பும்போது அந்தத் தோழிக்கும் விலை தெரிந்திருக்கும்.

பாதித் தொகை அட்வான்ஸ் வாங்காமல் ஊசியை எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அடிபட்ட எல்லோரும் சொல்வதுதான். அட்வான்ஸ் வருமானம் அல்ல என்பதை மட்டும் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. பிளவுஸைக் கொடுக்கும்வரை அது கடன். ஐந்து பேரிடம் அட்வான்ஸ் வாங்கி அந்தப் பணத்தில் கேஸ் சிலிண்டரும் பள்ளிக் கட்டணமும் கட்டிவிட்டு, நூல் வாங்க ஆறாவது ஆளின் அட்வான்ஸுக்குக் காத்திருக்கும் நிலைக்குப் பலர் போய்விடுகிறார்கள். ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்வரை இது தெரியாது. ஆடி பிறந்தால் தெரிந்துவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. ஆவணியும் தையும் வந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆக பன்னிரண்டு மாத வீட்டுச் செலவை ஏழெட்டு மாத வரவில் ஓட்ட வேண்டிய தொழில் இது. நல்ல மாதத்து வரவை வைத்து 'மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டால், சும்மா கிடக்கும் மாதத்தில் கழுத்துச் செயின் அடகுக்குப் போகும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. அறுவடைப் பணத்தை வருடம் முழுக்கப் பரப்பத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆடியில் வேலை இல்லை என்றால் அந்த மாதத்தில் மாதிரித் துண்டுகள் போட்டு வைக்கலாம், டிசைன் தாள்களில் துளையிட்டு வைக்கலாம், வகுப்பு எடுக்கலாம்.

வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரி வேலையில் நிதானமாகச் சம்பாதிப்பவர்களைக் கவனித்தால், அவர்களில் கணிசமானோர் ஊசி பிடிப்பதைவிட ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்தான் சம்பாதிக்கிறார்கள் என்பது புரியும். பத்துப் பேருக்கு ஒரே மணி நேரத்தில் சொல்லித் தரலாம். பத்து பிளவுஸை ஒரே மணி நேரத்தில் போட முடியாது. சொல்லிக்கொடுக்கப் பிடித்தவர்களுக்கு நல்ல வழிதான். கற்றுப்போனவர்களில் சிலர் அதே தெருவில் பிளெக்ஸ் வைப்பார்கள் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் பூ போட்டுவிடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வேறு வந்து நிற்கிறது. அதோடு வேகத்திலும் விலையிலும் ஓடுவது வீண். இந்தப் புடவைக் கரையில் இருக்கும் அதே மாங்காயை, இந்தப் பெண்ணின் உடல் அளவுக்குப் பொருத்தி, மணி வைத்து எழுப்புவது கைக்குத்தான் வரும். கை அதை விற்க வேண்டும்.

காகித வேலைகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனெனில் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. உத்யம் பதிவு ஆதார் எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் செய்வது, கட்டணம் கிடையாது. ஆயிரம் ரூபாய் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. ஜி.எஸ்.டி. பதிவு, தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை தாண்டும்வரை வேண்டாம்; சேவை என்றால் 20 லட்சம். இன்ஸ்டாகிராம் பார்த்து பெங்களூரிலிருந்து ஆர்டர் வரும்போதுதான் சிக்கல். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கான விலக்கில் வந்தாலொழிய, தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். முதல் வெளிமாநில ஆர்டருக்கு முன் ஒரு கணக்காளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவது நல்லது. உணவுப் பொருள் என்றால் கதை வேறு: வீட்டில் சின்ன அளவில் கேக் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

கடன் வசதிகளும் உண்டு. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைக் கைத்தொழில்களுக்கு, 35 வயது நிரம்பியவர்களுக்கு, 3 லட்சம் ரூபாய் வரை மானியத்தோடு கடன் என்று வந்தது. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். ஆனால் என் கருத்தைக் கேட்டால், முன்பின் தெரியாத பத்துப் பேர் முழு விலை கொடுத்து வாங்கிப் போகும்வரை கடன் பக்கம் போக வேண்டாம் என்பேன். உறவினரும் தோழிகளும் வாங்கியது கணக்கில் சேராது. அவர்கள் வாங்கியது பிளவுஸை அல்ல, உங்கள் முகத்தை.

கடைசியாக, சந்தோஷம். 1973இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு மழலையர் பள்ளியில், லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பரிசு எதுவும் இல்லாமல் வண்ணப் பேனாக்களை மேஜையில் வைத்துக் கவனித்தபோது, பரிசு சொல்லி வரையவைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். காசுக்கு என்று ஆனபின் விளையாட்டு விளையாட்டாக இருப்பதில்லை. ஐந்து வயதில் நடப்பது நாற்பது வயதில் நடக்காமல் போகுமா?

அதனால் பிடித்த வேலையைத் தொழிலாக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. 'திறமையை வீணாக்குற' என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இறங்குவதானால், வாடிக்கையாளர் கேட்பதைக் கேட்டபடி, கேட்ட தேதியில், தனக்குப் பிடிக்காத நிறத்திலும் செய்து தருவதுதான் இனி வேலை என்று தெரிந்து இறங்க வேண்டும். அதற்கு ஈடாகத்தான் கூலி தனியாக, லாபம் தனியாக.

நம் கணக்கு அக்காவின் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கட்டும். தேதி, ஆர்டர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பொருள் செலவு. ஆடி மாதம் கெடுபிடி குறைந்ததும் அவர் தனக்கென்று ஒரு பிளவுஸை எடுத்துக் கட்டுகிறார். மாம்பழ மஞ்சள் பட்டு. கழுத்து முழுக்க லோட் ஸ்டிச். பன்னிரண்டு டிசைனில் எதிலும் இல்லாத ஒரு கொடி, வரையாமல் கைபோன போக்கில் ஓடுகிறது. நோட்டில் அதற்கு நேரம் எழுதவில்லை.